கொம்பு முதலையின் உறவினர் யார்?

குழந்தை பிறந்த வீட்டுக்குச் செல்வோர் முதலில் அதன் முகத்தைத்தான் உற்றுப் பார்ப்பர். “மூக்கு அப்படியே அப்பாவுடையது” என்பார் ஒருவர். “பாட்டியை உரித்து வைத்தாற்போல இருக்கிறது” என்பார் மற்றொருவர். உருவ ஒற்றுமையைக் கொண்டு உறவை அறிவது நமக்குப் பழகிப்போன வழக்கம். ஆயினும், அவ்வழக்கம் சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். கடைத்தெருவில் நம் மாமாவைப் போலவே தோன்றும் ஒருவர் நமக்கு எவ்வித உறவும் இல்லாதவராக இருக்கலாம். உடன்பிறந்த இருவர் சற்றும் ஒத்த சாயல் இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

உயிரினங்களின் உறவுமுறையை ஆராயும் அறிவியலாளர்களும் இதே சிக்கலை எதிர்கொள்கிறார்கள். ஓர் உயிரினம் முற்றாக அழிந்து, அதன் எலும்புகள் மட்டுமே எஞ்சியிருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. மடகாஸ்கர் தீவில் வாழ்ந்து மறைந்த ஒரு முதலையின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதன் மண்டையோடு ஓர் உறவைச் சுட்டியது. அதன் மரபணு வேறோர் உறவைச் சுட்டியது. இவ்விரண்டில் எதை நம்புவது?

பெருந்தீவில் கிடைத்த எலும்புகள்

மடகாஸ்கர், ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ளது. இஃது உலகின் நான்காவது பெரிய தீவாகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 587,000 சதுர கிலோமீட்டர். அதாவது, மலேசியாவைவிட இது ஒன்றே முக்கால் மடங்கு பெரியது. சுமார் 160 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்தும், சுமார் 88 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நிலப்பரப்பிலிருந்தும் இந்நிலம் பிரிந்தது. நெடுங்காலம் தனித்திருந்ததால், வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் பல இங்கே தோன்றி வளர்ந்தன. லெமூர் என்னும் விலங்கு இன்றும் அங்கே இயற்கையாக வாழ்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவின் தென்மேற்குப் பகுதியிலிருந்து பழங்கால முதலை எலும்புகள் சில ஆய்வாளர்களின் கைக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்களான ஆல்ஃபிரட் கிராண்டிடியேவும் லியோன் வையானும் 1872ஆம் ஆண்டு அம்முதலைக்கு ‘குரோகோடைலஸ் ரோபஸ்டஸ்’ எனப் பெயரிட்டனர். ‘ரோபஸ்டஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘உறுதியான, தடித்த’ என்பது பொருள். எலும்புகளின் தடிமனே அப்பெயருக்குக் காரணம்.

பெயரின் முற்பகுதியையும் கவனிக்க வேண்டும். ‘குரோகோடைலஸ்’ என்பது ஒரு பேரினத்தின் பெயர். ஒரே மூதாதையிடமிருந்து வந்த நெருங்கிய இனங்களை அறிவியலாளர்கள் ஒரு பேரினத்தில் அடக்குவர். குடும்பப் பெயரைப் போன்றது இது. ஆப்பிரிக்காவின் நைல் முதலை, நம் சரவாக் ஆறுகளில் வாழும் உவர்நீர் முதலை, கியூபா முதலை, சயாமிய முதலை ஆகிய அனைத்தும் குரோகோடைலஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. எனவே, மடகாஸ்கரின் பழைய முதலையும் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே 1872ஆம் ஆண்டின் முடிவு. அம்முடிவு நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருந்தது.

முதலையின் மண்டையோடு

அந்த மண்டையோட்டின் சிறப்பைப் புரிந்துகொள்ள, பொதுவாக முதலையின் மண்டையோடு எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

முதலை, நீரில் மறைந்திருந்து இரையைப் பிடிக்கும் விலங்கு. அதற்கேற்ப அதன் மூக்குத்துளை, கண்கள், காதுகள் ஆகிய மூன்றும் தலையின் மேற்புறத்தில் அமைந்துள்ளன. உடல் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்கும்போதும் முதலையால் பார்க்கவும் கேட்கவும் மூச்சு விடவும் முடிகிறது. கண்களுக்குப் பின்னால் மண்டையோட்டின் மேற்பகுதி மேசையைப் போலத் தட்டையாக இருக்கும். அதில் இரண்டு துளைகள் காணப்படும். பக்கவாட்டிலும் கண்ணுக்குப் பின்னால் துளைகள் உண்டு. தாடையை இயக்கும் தசைகளுக்கு இத்துளைகள் இடமளிக்கின்றன.

வாயை மூடுவதற்கான தசைகள் முதலைக்கு மிகவும் வலிமையானவை. பெரிய உவர்நீர் முதலை ஒன்றின் கடி, 16,000 நியூட்டனுக்கும் அதிகமான விசையுடையது என்பது நேரடியாக அளந்தறியப்பட்ட உண்மை. அதே வேளையில், வாயைத் திறப்பதற்கான தசைகள் வலிமை குறைந்தவை. எனவேதான், முதலையைப் பிடிப்பவர்கள் அதன் மூடிய வாயை ஒரு கயிற்றால் கட்டி அடக்கிவிடுகிறார்கள்.

வாயின் உட்புறத்தில் மற்றொரு சிறப்பு அமைப்பு உள்ளது. மூக்குத்துளையின் வழியாக நுழையும் காற்று நேராக வாய்க்குள் வருவதில்லை. அண்ணத்தின் மேல் உள்ள எலும்புக் குழாய் வழியாகத் தொண்டைக்கு அருகில் சென்று, அங்குள்ள ஒரு திறப்பின் வழியே வெளிப்படுகிறது. இதனை ‘உள்நாசித்துளை’ என்பர். தொண்டையின் முன்புறத்தை மூடிக்கொள்ளும் மடிப்பு ஒன்றும் முதலைக்கு உண்டு. அதனால், வாய் நிறைய நீர் இருந்தாலும் அது தடையின்றி மூச்சு விடுகிறது.

இவை எல்லா முதலைகளுக்கும் பொதுவானவை. இனத்துக்கு இனம் வேறுபடுவன சிறு சிறு நுட்பங்களே. மூக்குப்பகுதி நீண்டதா, குட்டையானதா? மூக்கெலும்புகள் மூக்குத்துளை வரை நீள்கின்றனவா? தலையின் பின்மூலைகள் உயர்ந்துள்ளனவா? உள்நாசித்துளையின் விளிம்பு எவ்வாறு உள்ளது? இத்தகைய கேள்விகளுக்கான விடைகளைப் பட்டியலிட்டு, இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அறிவியலாளர்கள் உறவு மரம் ஒன்றை வரைகிறார்கள்.

கொம்பும் கழுத்தும்

மடகாஸ்கர் முதலையின் மண்டையோட்டைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அதன் ‘கொம்புகள்’. இவை மாட்டின் கொம்புகளைப் போன்றவை அல்ல. மண்டையோட்டின் தட்டையான மேற்பகுதியில், காதுகளுக்கு மேலே உள்ள எலும்புகளின் பின்மூலைகள் முக்கோண வடிவில் மேல்நோக்கி உயர்ந்திருக்கின்றன. உயிருடன் இருந்தபோது அவற்றைத் தோல் மூடியிருந்திருக்கும். இதனால்தான் இதற்குக் ‘கொம்பு முதலை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

கொம்பைக் கொண்டே இதன் உறவை முடிவு செய்துவிடலாமா? முடியாது. ஏனெனில், கியூபா முதலைக்கும் சயாமிய முதலைக்கும்கூட இப்பகுதி உயர்ந்தே காணப்படுகிறது. ஒன்று கரீபியக் கடல் தீவில் வாழ்வது. மற்றொன்று தென்கிழக்காசியாவில் வாழ்வது. பல கிளைகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஒரு பண்பு, உறவைக் காட்டும் நம்பகமான சான்றாகாது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லுயிரியல் அறிஞர் கிறிஸ்தோஃபர் புரோச்சு, கொம்பைத் தாண்டி மற்ற நுட்பங்களையும் ஆராய்ந்தார். இம்முதலையின் மூக்குப்பகுதி குட்டையாகவும் தடித்தும் இருந்தது. அண்ணத்தின் பின்பகுதியில் உள்நாசித்துளையைச் சுற்றியுள்ள எலும்புப் பரப்பு குழிந்திருந்ததால், அத்துளையின் விளிம்பு ஒரு குட்டைக் கழுத்தைப் போல எழுந்து நின்றது. இதே போன்ற ‘கழுத்து’ ஆப்பிரிக்கக் குள்ள முதலையிடமும் உண்டு. குள்ள முதலை, மேற்கு, நடு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழ்வது. அது 2 மீட்டர் நீளத்தைத் தாண்டுவது அரிது. மடகாஸ்கர் முதலையோ அதைவிட மிகப் பெரியது. அஃது ஏறத்தாழ 5 மீட்டர் வரை வளர்ந்திருக்கலாம் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

அளவில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், எலும்பு நுட்பங்கள் இரண்டையும் ஒரே கிளையில் சேர்த்தன. எனவே, 2007ஆம் ஆண்டில் புரோச்சு இம்முதலையைக் குரோகோடைலஸ் பேரினத்திலிருந்து நீக்கி, அதற்கெனப் புதிய பேரினம் ஒன்றை உருவாக்கினார். குள்ள முதலையே அதன் நெருங்கிய உறவு என்றும் முடிவு செய்தார்.

பெயரில் ஒளிந்திருக்கும் உறவு

புதிய பேரினத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பெயர் ‘வுவாய்’. மடகாஸ்கர் மக்கள் பேசும் மலகாசி மொழியில் ‘வுவாய்’ என்றால் முதலை. இச்சொல்லை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மலாய் மொழியில் முதலையைக் குறிக்கும் ‘புவாயா’ என்னும் சொல் உங்கள் நினைவுக்கு வருகிறதா?

இது தற்செயலாக ஏற்பட்ட ஒற்றுமை அன்று. மலகாசி மக்களின் முன்னோருள் ஒரு பிரிவினர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் போர்னியோ தீவுப் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து மடகாஸ்கரில் குடியேறியவர்கள். அவர்களது மொழிக்கு மிக நெருங்கிய உறவுடைய மாஅன்யான் மொழி, இன்றும் போர்னியோவின் தென்பகுதியில் பாரித்தோ ஆற்றுப் பகுதியில் பேசப்படுகிறது. ‘வுவாய்’, ‘புவாயா’ ஆகிய இரண்டும் ஒரே பழஞ்சொல்லிலிருந்து பிறந்தவை என்று மொழியியலாளர்கள் காட்டியுள்ளனர்.

ஆனால், ஒலி ஒத்திருக்கும் எல்லாச் சொற்களும் உறவுடையவை அல்ல. மலாய் மொழியில் கண்ணை ‘மாத்தா’ என்கிறோம். இன்றைய கிரேக்க மொழியில் கண்ணை ‘மாத்தி’ என்கின்றனர். ஒலியும் பொருளும் ஒத்திருந்தும் இவ்விரு சொற்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இரண்டும் தனித்தனியே வேறு வேறு பழஞ்சொற்களிலிருந்து உருமாறி வந்து, தற்செயலாக ஒரே வடிவத்தை எட்டிவிட்டன.

ஆகவே, ஒற்றுமை இரு வகைப்படும். ஒன்று, பொது மூதாதையிடமிருந்து வந்த ஒற்றுமை. மற்றொன்று, தனித்தனி வழியில் வந்து சேர்ந்த ஒற்றுமை. முதல் வகைதான் உறவுக்குச் சான்று. சொற்களுக்குப் பொருந்தும் இவ்விதி எலும்புகளுக்கும் பொருந்தும். கொம்பு முதலைக்கும் குள்ள முதலைக்கும் இடையே காணப்படும் ஒற்றுமை எந்த வகையைச் சார்ந்தது?

எலும்புத் தூளில் கிடைத்த சான்று

இக்கேள்விக்கு விடை காண மற்றொரு சான்று தேவைப்பட்டது. அதுதான் மரபணு. எலும்பு, தோல், தசை என உடலின் எப்பகுதியில் உள்ள உயிரணுவிலும் மரபுச் செய்தியைத் தாங்கிய டிஎன்ஏ என்னும் நீண்ட மூலக்கூறு உள்ளது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு அது படியெடுக்கப்பட்டுச் செல்கிறது.

பழங்காலத்தில் ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த முறையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறிவிட்டால், அவர் எழுதிய சுவடியைப் பார்த்து எழுதப்படும் எல்லாப் படிகளிலும் அம்மாற்றம் தொடரும். ஆகவே, இரண்டு சுவடிகளில் ஒரே வகையான மாற்றங்கள் பல காணப்பட்டால், அவை ஒரே மூலச்சுவடியிலிருந்து வந்தவை என்று கூறலாம். டிஎன்ஏவிலும் அவ்வாறே சிறு மாற்றங்கள் ஏற்பட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. அவற்றை ஒப்பிட்டு எந்த இனம் எதற்கு நெருக்கம் என்பதைக் கணிக்கலாம்.

ஓர் உயிரினம் இறந்தபின் அதன் டிஎன்ஏ மெல்ல மெல்லச் சிதைகிறது. வெப்பம் மிகுந்த இடங்களில் இச்சிதைவு இன்னும் விரைவாக நிகழும். மடகாஸ்கரின் தென்மேற்குப் பகுதியோ வெப்பமானது. ஆகையால், கொம்பு முதலையின் எலும்பிலிருந்து டிஎன்ஏவை எடுப்பது எளிதாக இருக்கவில்லை. தொழில்நுட்பம் முன்னேறிய பிறகே அது கைகூடியது.

நியூயார்க் நகரிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கொம்பு முதலையின் மண்டையோடுகள் பாதுகாக்கப்பட்டு வந்தன. இவை 1920களின் இறுதியில் பிரெஞ்சு, பிரிட்டிஷ், அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து மேற்கொண்ட பயணத்தின்போது சேகரிக்கப்பட்டவை. இவான் ஹெக்காலா என்னும் உயிரியல் அறிஞரின் தலைமையிலான குழு, 1,300 முதல் 1,400 ஆண்டுகள் பழைமையான இரண்டு மாதிரிகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தது. அக்குழு தேர்ந்தெடுத்தது இழைமணியின் டிஎன்ஏவை ஆகும். உயிரணுவுக்குள் ஆற்றலை உருவாக்கும் சிறு உறுப்புகளே இழைமணிகள். ஓர் உயிரணுவில் அவற்றின் டிஎன்ஏ படிகள் ஏராளமாக இருப்பதால், நெடுங்காலத்துக்குப் பின்னும் சிறிதளவாவது எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆய்வின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கொம்பு முதலை, குள்ள முதலையின் கிளையைச் சேர்ந்தது அன்று என்று மரபணு காட்டியது. அதன் மிக நெருங்கிய உறவு குரோகோடைலஸ் பேரினமே. நைல் முதலை, உவர்நீர் முதலை, கியூபா முதலை ஆகியவை எல்லாம் உடன்பிறந்தவர்கள் என்றால், கொம்பு முதலையை அவர்களுடைய ஒன்றுவிட்ட உறவினர் எனலாம். இவ்விரு கிளைகளும் ஏறத்தாழ 25 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தன என்றும் அவ்வாய்வு கணித்தது. 1872ஆம் ஆண்டில் வைக்கப்பட்ட பெயர் முற்றிலும் சரியன்று. ஆயினும், அது சுட்டிய திசை உண்மைக்கு அருகில்தான் இருந்திருக்கிறது.

ஒற்றுமை ஏன் ஏமாற்றியது?

அப்படியென்றால், அண்ணத்தில் இருந்த ‘கழுத்து’, குட்டையான மூக்குப்பகுதி ஆகியவற்றுக்கு என்ன விளக்கம்? இரண்டு வாய்ப்புகள் உள்ளன.

ஒன்று, குவி பரிணாமம். தொடர்பில்லாத உயிரினங்கள் ஒரே வகையான வாழ்க்கை முறையை மேற்கொள்ளும்போது, அவற்றின் உருவமும் ஒன்றுபோல் மாறிவிடுவதுண்டு. சுறா ஒரு மீன். ஓங்கில் ஒரு பாலூட்டி. ஆனால், நீரைக் கிழித்துக்கொண்டு விரைந்து நீந்த வேண்டிய தேவை இரண்டுக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்துவிட்டது. முதலைகளின் மூக்குப்பகுதியும் இரைக்கு ஏற்ப மாறக்கூடியது. மீன்களை விரைந்து கவ்வுவதற்கு நீண்டு மெலிந்த மூக்குப்பகுதி உதவும். வலுவாகக் கடித்து நொறுக்குவதற்குக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பது உதவும்.

மற்றொன்று, பழைய பண்பு எஞ்சியிருத்தல். முற்கால மூதாதையிடம் இருந்த ஒரு பண்பை இரண்டு கிளைகள் அப்படியே காத்துக்கொள்ள, இடையில் உள்ள கிளை அதனை இழந்திருக்கலாம். அப்போது காத்துக்கொண்ட இரண்டும் நெருங்கிய உறவினர்களைப் போலத் தோன்றும். ஒரு குடும்பத்தில் பழைய வழக்கத்தைக் கைவிடாத இரு தூரத்து உறவினர்கள் ஒரே வீட்டார்போலத் தோன்றுவதைப் போன்றது இது.

நம் நாட்டு முதலை ஒன்று

இத்தகைய குழப்பத்துக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் உள்ள நன்னீர்ச் சதுப்புக் காடுகளில் மலாயா கரியால் என்னும் முதலை வாழ்கிறது. மலாய் மொழியில் இதனைப் ‘புவாயா ஜூலோங்-ஜூலோங்’ என்பர். நீண்டு மெலிந்த மூக்குப்பகுதியை உடையது இது. இந்தியாவிலும் நேப்பாளத்திலும் வாழும் கரியால் முதலைக்கும் அதே போன்ற நீண்ட மூக்குப்பகுதி உண்டு.

எலும்புகளை நுணுகி ஆராய்ந்த அறிஞர்கள், இவ்விரண்டின் ஒற்றுமை வெறும் தோற்ற ஒற்றுமையே என்று நெடுங்காலம் கருதினர். மலாயா கரியால் உண்மையில் முதலைக் குடும்பத்தைச் சேர்ந்தது, கரியாலோ மிகத் தொலைவான கிளை என்பதே அவர்களின் முடிவு. ஆனால், 1980களில் தொடங்கிய மூலக்கூறு ஆய்வுகள் வேறு விடையைத் தந்தன. இவ்விரண்டும் உண்மையாகவே நெருங்கிய உறவினர்கள் என்று அவை மீண்டும் மீண்டும் காட்டின.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொம்பு முதலையின் கதையில், உறவு என்று நினைக்கப்பட்டது வெறும் ஒற்றுமையாகிவிட்டது. மலாயா கரியாலின் கதையில், வெறும் ஒற்றுமை என்று நினைக்கப்பட்டது உறவாகிவிட்டது. ஆகவே, ‘ஒத்திருந்தால் உறவு’ என்பதும் விதியாகாது. ‘ஒற்றுமையெல்லாம் ஏமாற்று’ என்பதும் விதியாகாது. ஒவ்வொரு முறையும் சான்றுகளைத் தேடித்தான் ஆக வேண்டும்.

உறவு தெரிந்தால் என்ன பயன்?

அழிந்துபோன ஒரு முதலையின் உறவை அறிந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கக்கூடும். உறவு தெரிந்தால், எலும்புகள் சொல்லாத செய்திகளும் நமக்குக் கிடைக்கும்.

முதலாவதாக, முதலைகளின் பூர்விகம். குரோகோடைலஸ் பேரினத்தைச் சேர்ந்த முதலைகள் இன்று ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனப் பல கண்டங்களில் பரவியுள்ளன. அவற்றின் தாயகம் ஆப்பிரிக்காவா, ஆசிய ஆஸ்திரேலியப் பகுதியா என்பது அறிவியலாளர்களிடையே விவாதிக்கப்பட்டு வந்தது. அப்பேரினத்துக்கு மிக நெருங்கிய கொம்பு முதலை ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவில் வாழ்ந்தது. அடுத்த நெருங்கிய உறவான குள்ள முதலையின் கிளையும் ஆப்பிரிக்காவில்தான் உள்ளது. எனவே, ஆப்பிரிக்கத் தாயகம் என்னும் கருத்து வலுப்பெறுகிறது.

இரண்டாவதாக, கடற்பயணம். கொம்பு முதலையின் கிளை பிரிந்த காலத்தில் மடகாஸ்கர் ஏற்கெனவே தீவாக இருந்தது. எனவே, அதன் மூதாதையர் கடல் கடந்துதான் அங்குச் சென்றிருக்க வேண்டும். ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் பிரிக்கும் மொசாம்பிக் நீரிணை, மிகக் குறுகிய இடத்திலேயே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் அகலம் கொண்டது. நன்னீர் விலங்கு ஒன்றால் இவ்வளவு தொலைவு உப்புநீரில் தாக்குப்பிடிக்க முடியுமா?

இங்குதான் உறவு மரம் கைகொடுக்கிறது. இன்றைய குரோகோடைலஸ் முதலைகளின் நாக்கில், உடலில் மிகுந்துள்ள உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உள்ளன. குள்ள முதலைக்கும் அவை உண்டு. உறவு மரத்தில் கொம்பு முதலையின் இரு பக்கத்திலும் உள்ள உறவினர்களுக்கு இச்சுரப்பி இருப்பதால், அதன் மூதாதையருக்கும் இருந்திருக்கும் என்று கருதலாம். நாக்கு மண்ணுக்குள் எஞ்சுவதில்லை. ஆயினும், உறவை அறிந்ததால் அந்நாக்கைப் பற்றியும் நம்மால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

மறைந்துபோன காலம்

ஆய்வுக்கு எடுக்கப்பட்ட மாதிரிகளின் வயதைக் கொண்டு பார்த்தால், கொம்பு முதலை ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்புகூட உயிருடன் இருந்தது தெளிவாகிறது. அதே காலப் பகுதியில் மடகாஸ்கரின் பேருயிர்கள் பலவும் மறையத் தொடங்கின. பறக்க இயலாத யானைப் பறவை, குரங்கினத்தைப் போலப் பேருருவம் கொண்ட லெமூர்கள், சிறிய நீர்யானைகள் ஆகியவை இன்று இல்லை. மனிதரின் வருகை, வேட்டை, காடு அழிப்பு, வறட்சி ஆகியவற்றில் எது எவ்வளவு காரணம் என்பது இன்றும் ஆராயப்பட்டு வருகிறது.

தீவின் மக்கள், முற்காலப் பயணிகளிடம் இருவகை முதலைகளைப் பற்றிக் கூறியதாகக் குறிப்புகள் உள்ளன. ஒன்று தடித்த உடலுடையது. மற்றொன்று மெலிந்த உடலுடையது. இன்று அத்தீவில் வாழ்வது நைல் முதலை மட்டுமே. அந்த மெலிந்த வகை அதுவாக இருக்கலாம். தடித்தது எது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சான்றுக்குத் தலைவணங்குதல்

மரபணு வந்துவிட்டதால் எலும்பு ஆய்வு பயனற்றதாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. எலும்புகளைத் தேடி எடுத்து, அளந்து, பெயரிட்டு வைத்தவர்கள் இல்லையேல், டிஎன்ஏவை எடுப்பதற்கு மண்டையோடே கிடைத்திருக்காது. பல மில்லியன் ஆண்டுகள் பழைமையான உயிரினங்களைப் பொறுத்தவரை எலும்பே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் ஒரே சான்று. டிஎன்ஏவுக்கும் வரம்புகள் உண்டு. கொம்பு முதலையிடமிருந்து கிடைத்தது இழைமணி டிஎன்ஏவின் ஒரு பகுதிதான். இழைமணி டிஎன்ஏ தாய்வழி உறவை மட்டுமே காட்டும். ஆதலால்தான், 2021ஆம் ஆண்டின் ஆய்வு டிஎன்ஏவை மட்டும் நம்பாமல், புதைபடிவங்களின் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது.

இக்கதையில் மறக்கக் கூடாத செய்தி இன்னும் ஒன்று உள்ளது. 2021ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை எழுதிய குழுவில் கிறிஸ்தோஃபர் புரோச்சுவும் ஒருவர். 2007ஆம் ஆண்டில் கொம்பு முதலையைக் குள்ள முதலையின் உறவு என்று முடிவு செய்த அதே அறிஞர்தான் அவர். தம் பழைய முடிவுக்கு மாறான சான்று கிடைத்தபோது, அவர் அதனை மறைக்கவோ எதிர்த்து நிற்கவோ இல்லை. அதை உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவராகத் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அவர் வைத்த ‘வுவாய்’ என்னும் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அப்பெயரின் பக்கத்தில் வரையப்பட்ட உறவுக் கோடுதான் இடம் மாறியிருக்கிறது.